தரகுக்குப் பயந்து விற்ற வீடு

செம்பூர் வீடு கையை விட்டுப் போனதற்கு சிந்துவிலிருந்து வந்த அகதிகள்தான் காரணம் என்று என் அத்திம்பேர் கடைசிவரை சொல்லிவந்தார். அவர்கள் வந்து இறங்கினார்கள், விலை ஏறியது, நம்மைப் போன்றவர்கள் ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்தோம் என்பார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தேதி பொருந்தவில்லை. அகதிகள் பெருங்கூட்டமாக வந்தது 1947-இன் கடைசியிலும் அதற்குப் பிறகும். வீட்டுப் பேரம் 1946 ஆனி மாதத்திலேயே முடிந்துவிட்டது. அப்போது நான் அக்கா வீட்டோடு தங்கி, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனிக்குக் குமாஸ்தாவாகப் போய்வந்துகொண்டிருந்தேன். நடந்தது முழுவதும் என் கண்ணெதிரில்.

அந்த வீட்டை அத்திம்பேர் வாங்கியது 1942-இல். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி பம்பாய் மூட்டை கட்டிய வருஷம். ஊருக்கு ஓட அவசரப்பட்ட ஒருவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். அந்த மனிதர் கடைசி நூறு ரூபாய்க்காகக் கெஞ்சியதை விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுவார். கொடுத்த பணம் அக்காவின் நகைகளை விற்று வந்தது. அதை நடித்துக் காட்டியதில்லை.

ஓடு வேய்ந்த சின்ன வீடு. இரண்டு அறை, சமையலறை, ஒரு கிணறு. சமையலறைக்குப் பின்னால், தனி வாசலோடு ஓர் அறை இருந்தது. விறகு போடக் கட்டியதாக இருக்கும். அக்காவுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு முன் அவர்கள் மாதுங்காவில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். மாதாமாதம் விலக்கான மூன்று நாளும் அக்கா அறைக்கு வெளியே, எல்லாரும் நடக்கும் நடையில், மாடிப்படிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பால்காரன், தபால்காரன், அடுத்த அறைக் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த மாமி வெளியே வந்துவிட்டால் சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் என்று எதிர் அறைக்காரர் ஒருவர் கணக்குச் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் குழந்தை இல்லாதவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பெண்கள் பார்த்த பார்வை வேறு. செம்பூருக்கு வந்த முதல் மாதம் அந்தப் பின்னறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் அழுததாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். “சந்தோஷத்துலதாண்டா,” என்றாள்.

யுத்தம் முடிந்ததும் அத்திம்பேருக்கு மாதுங்கா ஆசை மறுபடி வந்தது. செம்பூரில் மனுஷாள் இல்லை, கச்சேரி இல்லை, குர்லாவில் ரயில் மாறி முதுகு போகிறது என்றார். அவர் ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக இருந்த பாலக்காட்டுக்காரர் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போக இருந்தார். அவருக்கு மாதுங்காவில் சொசைட்டிக் கட்டடம் ஒன்றில் சொந்தமாக மூன்று அறை. அதை அத்திம்பேருக்கே தருவதாக வாயால் சொல்லியிருந்தார். இதை விற்றுத்தான் அதை வாங்க வேண்டும். அங்கே பின்னறை உண்டா என்று அக்கா கேட்டாள். “இருக்கு, இருக்கு. தாழ்ப்பாள்கூட இருக்கு,” என்றார் அத்திம்பேர், என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே.

ஆள் பிடிக்கத் தரகர் ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருந்தார். முதலில் தோல் கிடங்கில் வேலை, பிறகு அறை, வீடு என்று தலாலி, அதாவது தரகு. நூற்றுக்கு இரண்டு, விற்பவரிடமும் வாங்குபவரிடமும். வேனிலில் தாராவியிலிருந்து எத்தனையோ முறை வந்தார். அத்திம்பேர் அவரை வாசல் கேட்டுக்கு உள்ளே விட்டதில்லை. தண்ணீர் கேட்டால் செம்பிலிருந்து கையில் ஊற்றச் சொல்வார். தரகர் குனிந்து குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, “ஒங்க கெணத்துத் தண்ணி நல்ல ருசி சாமி. வாங்குதவன்ட்ட இதுக்குத் தனியா ஒரு வெலை சொல்லுதேன்,” என்பார்.

ஒரு குஜராத்தி ஜவுளி வியாபாரி வந்து பார்த்தார். விலை படிந்தது. ஆடி பிறப்பதற்குள் பயானா என்கிற முன்பணம் கைமாற வேண்டும் என்று அத்திம்பேர் நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வேளை பார்த்து, ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டதாக ரசீது எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டார். சேட் அன்று வரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, கடை திறக்கப் போகும் வழியில், காலை எட்டு மணி சுமாருக்குத் தரகரோடு வந்து நின்றார்.

திங்கட்கிழமை எட்டு மணி ராகுகாலம். அத்திம்பேர் ரசீதைக் கொடுத்தார். அது நல்ல வேளையில் எழுதியது. நோட்டுக்கட்டைத் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சேட்டுக்கு விளங்கவில்லை. ஒன்பது மணிவரை காத்திருக்க அவருக்குப் பொழுதும் இல்லை.

“ஓய், நீரே வாங்கி வச்சுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவாரும்,” என்றார் அத்திம்பேர் தரகரிடம்.

தரகர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எனக்கு ராகுகாலம் கெடையாது சாமி. வார எல்லாக் காலமும் நல்ல காலந்தான்.”

வியாழக்கிழமை ஆபீசில் பாலக்காட்டுக்காரர் அத்திம்பேரைத் தனியே அழைத்து, பட்டாளத்திலிருந்து திரும்பிய மகனுக்கு பம்பாயிலேயே வேலை கிடைத்துவிட்டது, ஊருக்குப் போகும் உத்தேசம் இல்லை என்று சொன்னார். ஆறுதலுக்கு ஒரு காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அத்திம்பேர் வீட்டுக்கு வந்து செருப்பை எறிந்தார். அக்கா அன்று ராத்திரி பால் பாயசம் வைத்தாள். எதற்கு என்று அவர் கேட்டார். “பால் மிஞ்சித்து,” என்றாள்.

வெள்ளிக்கிழமை தரகர் சொன்ன வேளைக்கு வந்தார். வீடு விற்பதற்கில்லை, பணத்தைச் சேட்டிடமே திருப்பிக் கொடுத்துவிடும் என்றார் அத்திம்பேர்.

“குடுத்திரலாமே,” என்றார் தரகர். சேட்டிடம் அன்று காலையே பேசிவிட்டு வந்திருந்தார். பாலக்காட்டுக்காரர் மனம் மாறியது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. “சேட்டு நல்ல மனுசன். போட்ட ரூவாயக் குடுத்தாப் போதும்னுட்டாரு. எந் தலாலிய மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். மிச்சம் இந்தா இருக்கு. கொறையுதத நீங்க போட்டு முழுசாக் குடுத்திருங்க.”

அவர் எடுத்துக்கொண்டது ஒரு பக்கத்துத் தரகு அல்ல, இரண்டு பக்கத்துத் தரகும். அத்திம்பேரின் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூட.

“விக்கவே இல்லை. என்னய்யா தரகு?”

“விக்குததும் விக்காததும் ஒங்க இஷ்டம் சாமி. ஆளக் கொண்டாந்தேன், வெலை படிஞ்சுது, பயானா விழுந்துது. என் சோலி முடிஞ்சு போச்சுல்லா.”

“சரி, என் பக்கத்துத் தரகு. சேட் பக்கத்துது நான் எதுக்குத் தரணும்?”

“பேரத்த ஒடச்சது அவரா? ஒடச்ச கைதான குடுக்கணும்.”

“போலீஸ்ல சொல்லுவேன்.”

“சொல்லுங்க. ரசீது சேட்டு கையில இருக்கு. ஆயிரம் ரூவா நீங்க வாங்குனதா நீங்களே எழுதியிருக்கிய. நான் வாங்குனேன்னு எங்கன எழுதியிருக்கு?” குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு முதல் தடவையாக உள்ளே வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, “தாயி, ஒரு செம்பு தண்ணி. செம்போட குடுங்க,” என்றார். அக்கா கொடுத்தாள். செம்பில் வாய் வைத்து மெதுவாகக் குடித்தார். அத்திம்பேர் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேட்டுக்குத் திருப்பித் தர திங்கட்கிழமைவரை தவணை. அந்த இரண்டு நாளில் அக்கா தன் வாழ்க்கையிலேயே அதிகம் பேசினாள் என்று நினைக்கிறேன். அவளிடம் மிஞ்சியிருந்தது நான்கு வளையல்கள். கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“இதை வித்துக் குடுத்துடுங்கோன்னா. ஒழியட்டும். வீடு இருந்தாப் போறும்.”

“செம்புல வாய் வச்சுக் குடிச்சவனுக்கு உன் வளையலை வேற தூக்கிக் குடுக்கணுமா? நன்னாருக்கு!”

“அவனுக்கு இல்லை. எனக்குக் குடுங்கோ. எனக்கு அந்த அறை வேணும்.”

“அறையாம் அறை! பெத்துப் போட்டு நிரப்பி வச்சிருக்காப்பல. மாசம் மூணு நாள் உக்கார ஒரு வீடா?”

நான் அங்கேதான் இருந்தேன். அக்கா வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசி வளையல் ஏற மறுத்தது. சோப்பு தடவி ஏற்றினாள்.

திங்கட்கிழமை, ஒன்பது மணிக்குப் பிறகு, அத்திம்பேர் சேட்டிடம் போய்ப் பேரத்தை உறுதிசெய்து வந்தார். வீட்டை விற்றால் ஒரு பக்கத்துத் தரகுதான் தண்டம். விற்காவிட்டால் இரண்டு பக்கமும். அது அவருக்கு லாபமாகத் தெரிந்தது. “அந்தப் பயலை ஜெயிச்சுட்டேன்,” என்று என்னிடம் சொன்னார். கையில் ரொக்கம் இருந்தால் மாதுங்காவில் வேறு இடம் கிடைக்காமலா போகும் என்றார்.

கிடைக்கவில்லை. ஆடியில் வீடு பார்க்க மாட்டேன் என்று ஒரு மாதத்தை விட்டார். ஆவணியில் விலை ஏறியிருந்தது, ஐப்பசியில் இன்னும். கார்த்திகைக்குள் சேட்டுக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் சுனாபட்டியில், ஒற்றை அறைக் குடித்தனங்கள் வரிசையாக இருந்த ஒரு சாலில், இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. வெளியேறும் குடித்தனக்காரருக்குப் பகடி என்ற பெயரில் மேல்பணம் கொடுத்துப் பிடித்தது. பிடித்துக் கொடுத்தது அதே தரகர். வேறு யாரிடமும் அப்போது அறை இல்லை. சாவியைக் கொடுக்கும்போது, “இதுக்கும் ஒரு தலாலி உண்டு சாமி. வேளை பாத்துத் தாங்க, அவசரமில்ல,” என்றார். உடனே அக்காவிடம் திரும்பி, “மாடிப்படிக்குப் பக்கத்து அறை தாயி. காத்து நல்லா வரும்,” என்றார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கார்த்திகையில் மூன்று நாள், மார்கழியில் மூன்று நாள் அக்கா நடையில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் சமையல் என் பொறுப்பு. மார்கழியில் தரகர் பாக்கி கேட்க வந்தவர் அவளுக்குச் சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்து, அத்திம்பேர் வரும்வரை பீடி குடித்தார். அத்திம்பேர் வந்ததும் அவள் தலைக்கு மேலாகவே இருவரும் பணம் எண்ணினார்கள்.

தை மாதம் நாள் வந்தும் அக்கா வெளியே உட்காரவில்லை. குளித்து, விளக்கேற்றி, சமைத்து, இலை போட்டாள். சாதம் பரிமாறும்போது அத்திம்பேர் நிமிர்ந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு தப்பாது.

“இன்னிக்கு நீ…” என்று ஆரம்பித்தார்.

“நின்னுபோயிடுத்துன்னு வச்சுக்கோங்கோ,” என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. நெய்க் கிண்ணத்தைத் தன் கையால் சாய்த்து அவர் சாதத்தில் விட்டாள். “இனிமே குழந்தை பத்தியும் உங்களுக்குக் கவலை வேண்டாம். சாப்பிடுங்கோ, ஆறிடும்.”

கதவு திறந்திருந்தது. நடையில் யாரோ குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குரலை உயர்த்தினால் மாடி முழுவதும் கேட்கும். அத்திம்பேர் சாதத்தைப் பிசைந்தார். ரசத்துக்கும் மோருக்கும் அவளே பரிமாறினாள், ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் குனிந்து, போதுமா என்று கேட்டுக்கொண்டே. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க அவள் விடவில்லை.