புகை வராத சிம்னி

போன செவ்வாய்க்கிழமை காலை. நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். தூறல். ஆரம்பாக்கம் தாண்டி எங்கள் தெருவில் திரும்பினேன்.

நான் கட்டிய எதைக் கடந்தாலும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன். கொத்தனாருக்கு இது ஒரு வியாதி. முனிரத்தினம் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு சிம்னி இருக்கிறது. நான் கட்டியது. பார்த்தேன்.

புகை இல்லை.

அதன் தலையில் ஒரு பேனர் கட்டியிருந்தது. ஏதோ பிறந்தநாள் வாழ்த்து பேனர். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு கையும் கூப்பிக்கொண்டு சிம்னி மேல் மடங்கிக் கிடந்தார். காற்றில் பறக்காமலிருக்க மேலே இரண்டு செங்கல்.

பைக்கை நிறுத்தினேன்.

முனிரத்தினம் அண்ணன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நெல் வைக்கிற ஆள். மழை நாளில் வயலுக்குப் போகமாட்டார்.

“இன்னா மேஸ்திரி, வானத்த பாத்துகினே வர்ற? பைக்கு சேத்துல உயுந்துடப் போவுது.”

“அது இன்னாண்ணே, சிம்னி மேல பேனரு?”

“நேத்து மழைக்கு உள்ள சொட்டு சொட்டா ஊத்துச்சுப்பா. அடுப்பு பூரா சேறு. ஒரே பேஜாரு. சாயங்காலம் ஏறிக் கட்டிட்டேன். ஒரு பொட்டு தண்ணி எறங்கல பாத்துக்க!”

“இன்னைக்கு அடுப்பு எரிச்சீங்களா?”

“எரிக்காம? கொயந்தைக்கு தண்ணி ஊத்தியாச்சி. அமுலுவும் குளிச்சாச்சி. புகை கொஞ்சம் சுத்திச்சி, சாம்பிராணி போட்டா சுத்தாதா? இப்ப தணலுதான். கதவ சாத்திகினு அமுலுவும் கொயந்தையும் தூங்கறாங்க.”

வண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அமுலு அவருடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். பெண் குழந்தை. அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள்.

அந்த அடுப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி மில்லில் இரும்பு உருக்கும் ஃபர்னஸுக்கு உள்சுவர் கட்டுவது என் வேலை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். படிப்பு ஏழாவதோடு சரி. நெருப்புக்குச் சுவர் கட்டத் தெரியும். தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் லீவு நாளில் விறகு அடுப்பும் சிம்னியும் கட்டிக்கொடுப்பேன்.

அமுலுவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அவள் அம்மா தேவகி அண்ணி கூப்பிட்டார்.

“மேஸ்திரி, புள்ள பெத்தவளுக்கு வெறகுல காஞ்ச தண்ணிதான் ஒடம்புக்கு ஆவும். மழை பேஞ்சா கரண்டும் இருக்காது. பின்னாடி ரூம்லயே ஒரு அடுப்பு போட்டுக் குடு. ரூமும் கதகதன்னு இருக்கும்.”

“சினிமால ஊட்டி பங்களால காட்டுவானே, செவுத்துல நெருப்பு எரியுமே... அந்த மாதிரியா?” என்றார் அண்ணன். “அப்ப எனக்கு ஒரு கோட்டு தெச்சிக் குடு. நானும் பைப்பு புடிச்சிகினு ஒக்காந்துக்கறேன்.”

“தோ... பீடிக்கே இருமறது. இதுக்கு பைப்பு வேற” என்றார் அண்ணி.

கட்டினேன். உள்ளே சூடு தாங்கும் ஃபயர் பிரிக். முன்னால் இரும்புக் கதவு. பக்கத்தில் துணிமணி, கட்டில் எதுவும் வராதபடி தரையில் மூன்று அடிக்கு வெறும் கல். குழாய் நேராக மேலே போய் மாடிச் சுவருக்கு மேல் மூன்று அடி நிற்கும். பற்றவைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு இழை புகை இல்லை. அண்ணி காபி கொடுத்தார். குடித்தேன். வந்துவிட்டேன்.

அவ்வளவுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் பழைய புடவையைத் திணித்திருந்தார்கள். பெற்றவளுக்குக் காற்று படக்கூடாதாம். கையை வைத்தேன். அண்ணி குறுக்கே வந்தார்.

“ஏய், ஏய்! புள்ள பெத்தவ ரூமுக்குள்ள எங்க நொழையற? ஆம்பள போவலாமா? தீட்டு கயிக்கல இன்னும்.”

நின்றேன். பொய் சொல்லக்கூடாது. ஒரு நொடி நானும் நின்றேன். பழக்கம் அப்படி.

பிறகு தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே சாம்பிராணி வாசனை. லேசான மூட்டம். அடுப்பில் சிவப்பாகத் தணல். ஜன்னல் மூடி, அதன் மேல் போர்வை. அமுலு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். “அமுலு” என்றேன். தோளை உலுக்கினேன். கண் திறக்கவில்லை. குழந்தையைத் தூக்கினேன். தலை துணி மாதிரி பின்னால் சாய்ந்தது.

வாசலுக்கு ஓடினேன். கூரை விளிம்பில் நின்று குழந்தையைக் காற்றில் பிடித்தேன். அதன் முகத்தில் இரண்டு தூறல் விழுந்தது.

“காத்து படுதே! மழைல வச்சிருக்கியே! சன்னி வந்துடும்யா, குடு!” என்று அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

“காத்துதாண்ணி வேணும்!”

நான் கத்தினேன். இருபது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். என் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள். அண்ணி கையை விட்டார்.

அண்ணனும் பக்கத்து வீட்டு வேன்காரரும் அமுலுவைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் வாந்தி எடுத்தாள். “தலை வெடிக்குதும்மா” என்றாள். கண்ணைத் திறக்காமலே கையால் பக்கத்தில் தடவினாள். குழந்தையைத் தேடுகிறாள்.

குழந்தை இன்னும் அழவில்லை.

எவ்வளவு நேரம்? சொல்லத் தெரியவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடி சுண்டினேன். வேன் கிளம்பியது. தெரு முனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது என் மடியிலிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வீறிட்டது பாருங்கள்... அந்தக் கத்தலைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா ஒரு பேர் சொன்னார். கார்பன் மோனாக்சைடு. எங்கள் மில் சேஃப்டி போர்டில் எழுதியிருக்கிற அதே பேர். கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. தணல் அணையும்வரை வந்துகொண்டே இருக்கும். ஃபர்னஸ் பக்கம் போகும்போது எங்கள் சட்டைப் பையில் ஒரு மீட்டர் மாட்டிவிடுவார்கள். இது வந்தால் ‘கீ கீ’ என்று கத்தும். பிள்ளை பெற்றவள் அறையில் எதைக் கத்த வைப்பது?

யோசித்துப் பாருங்கள். வேறு எந்த அறையில் புகை வந்தாலும் எழுந்து ஓடுவோம். பச்சைக் குழந்தை அறையில் புகை வந்தால்? நல்லது என்கிறோம்! சாம்பிராணிதானே என்கிறோம். ஓட்டு வீட்டில் இருந்தவரை அதெல்லாம் ஓட்டு இடுக்கில் போய்விட்டது. இப்போது கான்கிரீட். அலுமினிய ஜன்னல். கொசு வராமலிருக்க இடுக்கெல்லாம் சிலிகான் வேறு. வீட்டை மாற்றிவிட்டோம். கதவைச் சாத்துகிற பழக்கத்தை மாற்றவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முனிரத்தினம் அண்ணன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரைப் பார்க்கவே இல்லை. சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் ஒரு பிடி பிடித்தார்கள்.

“பேனர கொண்டாந்து பொக கொயாய்ல கட்டுவானா ஒருத்தன்? மூளை இருக்குதா?”

  “என் கையால கட்டினேன் மேஸ்திரி” என்றார் என்னிடம். “ரெண்டு கல்லு வேற வச்சேன். நல்லா டைட்டா இருக்கணும்னு...”



 அவர் ஏன் கட்டினார்? தண்ணீர் உள்ளே இறங்கியது. ஏன் இறங்கியது? நான் மேல்மூடி வைக்கவில்லை. நாலு பக்கமும் இடைவெளி விட்டு, மேலே ஒரு தகடு. அரை நாள் வேலை. மில் சிம்னியில் மழை விழுந்தால் அந்தச் சூட்டுக்குப் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். அதே நினைப்பில் வீட்டு அடுப்பையும் கட்டிவிட்டேன். வீட்டு அடுப்பு ராத்திரி முழுக்க அணைந்து கிடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுகூடப் போகட்டும். ‘இதை என்றைக்கும் மூடாதீங்க, தணல் இருக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்க, அடுப்பு இருக்கிற அறையில் படுக்காதீங்க’... மூன்றே பேச்சு. காபி குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அதிகம் பேசாதவன். ஊரில் அதற்கு எனக்கு ஒரு மரியாதை உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

எழுந்து அண்ணி முன்னால் போய் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

“அண்ணன திட்டாதீங்கண்ணி. மூடி வைக்காதது நானு. மூடக்கூடாதுன்னு சொல்லாததும் நானு. தப்பு என்னுது.”



அண்ணி என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அன்னைக்கு வாயத் தொறந்து இத சொல்லியிருந்தா, முத்தா உதிர்ந்துடும் உனக்கு?”

அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார். அதை என்னிடம் நீட்டவில்லை. முனிரத்தினம் அண்ணனிடம் கொடுத்தார். காலையிலிருந்து அவரோடு பேசாதவர்.

“குடிய்யா” என்றார்.

மூன்றாம் நாள் தாயும் மகளும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் பின்னறை அடுப்பை இடித்துவிட்டேன். குளியலறைக்கு வெளியே, தகரக் கொட்டகையில் புதிதாகக் கட்டியிருக்கிறேன். மூடியோடு. தண்ணீரை உள்ளே தூக்கிப் போவது அண்ணன் வேலை. முணுமுணுக்காமல் தூக்குகிறார்.

ஆனால் நான் கட்டியது அந்த ஒரு வீட்டில் மட்டுமா? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஆறு வீடு.

இந்த வாரம் ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் சிம்னி உள்ளே கரி அப்பி, கை நுழையாத அளவுக்கு ஆகியிருந்தது. வருடம் ஒரு தடவை சுரண்ட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? இன்னொரு வீட்டில் கம்பெனியிலிருந்து வந்த பெயின்ட் அடித்த பேக்கிங் கட்டையை எரிக்கிறார்கள். அந்தப் புகை விஷம், காய்ந்த வேலிக்காத்தான் விறகு போதும் என்றேன்.

ஆறாவது வீடு பெரியபாளையம் பக்கம். வயசான புருஷன், பெண்டாட்டி. மாடியில் சிம்னி வாயை சிமென்ட் வைத்தே பூசியிருந்தார்கள்.

“புறா வந்து கூடு கட்டுதுப்பா, அதான் அடைச்சிட்டோம்” என்றார் அந்த அம்மா.

“அடுப்பு எரிக்கிறீங்களாம்மா?”

“டெய்லிதான். ஜன்னல தொறந்து வச்சிக்குவோம்.”

“மழை பேஞ்சா?”

“மழை பேஞ்சா சாத்திக்குவோம்... சாரல் அடிக்குமே?”

ஏணி கேட்டேன். சுத்தியல் கேட்டேன். ஏறி உடைத்தேன். புறா வராமலிருக்க வலையும், அதற்கு மேல் மூடியும் வைத்தேன். இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். பெரியவருக்குக் காது மந்தம். மறுபடி முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னேன்.

இப்போது தொண்டை கட்டிக்கிடக்கிறது. பரவாயில்லை.