அப்பாவின் போனுக்கு வந்த ஆறு இலக்கம்

என் அப்பா புருஷோத்தமன் போலாரம் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கேட்மேன். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட்டை மூடுவார். மூடியதற்கு அடையாளமாக, தன்னிடமுள்ள ரகசியப் பட்டியலிலிருந்து ஓர் எண்ணைப் போனில் சொல்வார். சொன்ன எண்ணைப் பேனாவால் அடித்துவிடுவார். இருபத்தாறு வருடமாக, கேட்டவுடன் எண் சொல்லிப் பழகிய மனிதர்.

எங்கள் வீட்டில் நான்கு பேருடைய ஆதாருக்கும் அவருடைய செல்போன் எண்தான். என்னுடையது நான் எட்டாவது படிக்கும்போது கொடுத்தது. வீட்டின் முதல் பட்டதாரி நான். பி.காம். முடித்து ஒன்றரை வருடம் ஆகியும் அதை மாற்றத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, மல்காஜ்கிரி வீட்டில் எனக்கு வீடியோ நேர்காணல் முடிந்தது. ஹெச்.ஆர். ஸ்மிதா மேடம் கேமராவை அணைத்து வைத்திருந்தார். ஆனால் இந்தத் தெலுங்கு ஊரில் தமிழில் பேசினார். பாதி நம்பிக்கை அதிலேயே வந்துவிட்டது. ஆதார், பான், தலையை இடமும் வலமும் திருப்பி எடுத்த வீடியோ, எல்லாம் அனுப்பினேன். வேலைக்கான கடிதம் உடனே வந்தது.

“ஓடிபி யார் போனுக்கும்மா போகும்?”

“அப்பாவுக்கு மேடம். டூட்டில இருக்கார்.”

“நம்பர் குடுங்க, நாங்களே கேட்டுக்கறோம். உங்களுக்கு எதுக்கு சிரமம்?”

கொடுத்தேன்.

கடிதத்தைக் கல்லூரித் தோழன் தினேஷுக்கு அனுப்பினேன், கொஞ்சம் பெருமைக்காகத்தான். உடனே கூப்பிட்டான்.

“ஏய், போன வாரம் எனக்கு வந்த லெட்டர் இது! எம்ப்ளாயீ நம்பர்கூட அதே ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு. ஃபிராடுடீ. ஓடிபி குடுத்துட்டியா?”

அப்பாவை அழைத்தேன். வேறொரு அழைப்பில் இருந்தார்.

ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழைத்தேன், பிஸி, பிறகு பிஸி, பிறகு மணி அடித்தும் எடுக்கவில்லை. அந்த ஆறு இலக்கமும் போய்விட்டால் என் பெயரில், என் முகத்தோடு வேறு யாரோ கணக்குத் திறப்பார்கள். யாரையெல்லாம் ஏமாற்றுவார்களோ, போலீஸ் என்னைத் தேடித்தான் வரும். எட்டாவதோடு நின்ற அப்பா ஏமாந்தால் காரணம் சொல்லலாம். எனக்கு என்ன காரணம்?

போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று “அப்பா!” என்று கத்தினேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். ரயில் வந்து எங்கள் நடுவே ஓடியது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல்.

கேட் திறந்ததும் ஓடினேன்.

“இன்னா கண்ணு, இங்கியே வந்துட்ட? அந்த மேடம் மூணு தபா போன் பண்ணிச்சு. நம்பர் வந்துக்கீது. வண்டி போவட்டும், அப்பால சொல்றேன்னேன். ஒரே அவசரம் அதுக்கு.”

அவர் கையிலேயே போன் மீண்டும் அடித்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அதான். சொல்லிடட்டா?”

“நக்கோப்பா, வேணாம்! கட் பண்ணுங்க!”

கட் செய்தார். “கைக்கு, ஏன்? வேலை போயிடாதா?”

“வேலையே இல்லப்பா. ஏமாத்தறாங்க. நான்தான் உங்க நம்பரக் குடுத்தேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. “ஸ்டேஷன் மாஸ்டர் விஸ்வநாத் சாராண்ட உனக்கு வேலை ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேனே” என்றார்.

கேட் அறை வாசலில் நின்று சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்தேன். என்னென்ன அனுப்பினீர்கள் என்று ஒரு பெண்குரல் கேட்டது. சொல்லச் சொல்ல என் பட்டியல் நீண்டது. ஆதாரை இப்போதே பூட்டிவையுங்கள் என்றது அந்தக் குரல். அதற்கும் ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரவேண்டும்.

உள்ளே ஸ்டேஷன் போன் அடித்தது. அப்பா எடுத்துக் கேட்டுவிட்டு, கேட்டை இறக்கிவிட்டு வந்து மீண்டும் பேசினார்.

“கேட் மூடிட்டேன் சார். நம்பர் எண்பத்தி மூணு.” பேனாவால் அடித்தார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. அப்பா எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார்.

“இல்ல சார். பாப்பாவுக்கு வேலை இன்னும் ஆவல. ஸ்வீட்டு அப்பால.”