எல்போ கிரீஸும் இழுத்துச் செருகிய முந்தானையும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நோயாளிகள் பிடித்து நடக்கும் வாக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கறை போகவில்லை. "இதற்குக் கொஞ்சம் எல்போ கிரீஸ் வேண்டும்" என்றாள் உடன் வேலைசெய்யும் மார்கரெட். அலமாரி முழுக்கத் தேடிவிட்டு வந்து, "டப்பா தீர்ந்துவிட்டது போல" என்றேன். அவள் சிரித்து முடிக்கும்வரை நிற்கவேண்டியிருந்தது. அழுத்தித் தேய்ப்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். முழங்கை நோகத் தேய்க்கையில் வழியும் வியர்வைதான் அந்தக் கிரீஸ். புதிதாகச் சேர்பவர்களை அதை வாங்கிவரக் கடைக்கு அனுப்பி வேடிக்கை பார்ப்பதும் அங்கே பழைய குறும்பாம்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூர் மருத்துவமனையில், எலும்பு முறிந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. ஆகவே முயற்சிக்கான சொற்கள்தான் என் பிழைப்பு. இன்னும் முயன்று வேலை செய் என்பதை 'புல் யுவர் சாக்ஸ் அப்' என்று சொல்லி மேலாளர் கடிந்துகொண்டபோது குனிந்து என் காலுறையைப் பார்த்தவள் நான். ஓட்டப்பந்தயத்துக்கு முன் சரிந்த காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வதிலிருந்து அது வந்தது என்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியவில்லை. உள்ள பலத்தையெல்லாம் காட்டு என்னும் 'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்' என்பதோ தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவியிலிருந்து வந்தது. குமிழ்களையெல்லாம் வெளியே இழுத்துவிட்டால் அத்தனை குழல்களும் ஒருசேர முழங்கும். சில வருடங்களில் இவையெல்லாம் யோசிக்காமலே என் வாயில் வரத் தொடங்கின.

போன ஐப்பசியில் மலைமேல் இருக்கும் என் ஊர் மஞ்சக்குட்டையிலிருந்து மாமா, என் அக்காவின் கணவர், போன் செய்தார். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் என் அக்கா சரோஜா, மழைச் சரிவில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது.

"டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரு கண்ணு. உங்கக்கா பயந்துக்கிட்டுக் கட்டிலை உட்டு எறங்க மாட்டேங்கறா. இப்படியே கெடந்தா அப்பறம் நடக்கவே முடியாதாம்."

விடுப்பெடுத்து ஓடி வந்தேன். அன்னியரை நடக்கவைத்த எனக்கு அக்காவிடம் சொல்லத் தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை. வந்ததெல்லாம் ஆங்கிலம். முழு பலத்தையும் போடச் சொல்லும் 'புட் யுவர் பேக் இன்டு இட்' என்பதையே தமிழாக்கி, "முதுகைக் குடுத்து எந்திரிங்கக்கா" என்றேன்.

"ஒடைஞ்சது இடுப்பு. முதுகு எதுக்கு கண்ணு?" என்று கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நொம்ப பயமா இருக்குது. உழுந்தா இன்னொருக்கா எந்திரிக்க மாட்டேன். உட்டுரு."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. அடுத்த நாள் காலை, பழம் பறிக்கப் போகும் பெண்கள் பேசிக்கொண்டே வாசலைக் கடந்தார்கள். அக்காவின் கண் அவர்கள் பின்னாலேயே போனது. கொடியில் கிடந்த அவளுடைய வேலைச் சேலையை எடுத்து, நைட்டிக்கு மேலேயே சுற்றிவிட்டேன். "முந்தானையை இழுத்துச் செருகுங்கக்கா. நேரமாச்சு" என்றேன். அவள் கை தானாக இடுப்புக்குப் போய் இறுக்கிச் செருகியது. "கெட்டியாப் புடிச்சுக்க" என்று என் தோளைப் பற்றினாள். எழுந்துவிட்டாள். வலியில் பல்லைக் கடித்தபடி, நடுங்கி நடுங்கி வாசற்படிவரை வந்தாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சரிந்த காலுறையை இழுத்துவிடுவதும் முந்தானையைச் செருகுவதும் ஒன்றுதான் என்று அன்று தோன்றியது. ஆனாலும் அக்காவின் காலுக்குக் கேட்டது இரண்டாவதுதான்.

நான் கிளம்பிய நாளில் அக்கா சுவரைப் பிடித்தபடி தானாகவே வெளியே வந்து நின்றாள். நான் ஏறிய ஷேர் ஜீப் வீட்டைத் தாண்டியதுமே மேட்டில் திணறி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். "தம் கட்டித் தள்ளுங்க!" என்று டிரைவர் கத்தினார். நானும் தோளைக் கொடுத்தேன். என் வாயிலிருந்து 'கம் ஆன், கம் ஆன்' என்றுதான் வந்தது. பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. பிறந்த ஊரிலிருந்து என்னைப் பிரித்துக் கொண்டுபோகும் வண்டியை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே தள்ளிக்கொண்டிருந்தேன்.