கூடச் சொன்னவள்

பேரனுக்குத் திக்குவாய். சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அழைத்துப் போயிருந்தேன். அவள் அவனோடு சேர்ந்தே புத்தகத்தை வாசித்தாள். பையன் ஓரிடத்திலும் திக்கவில்லை. "கூட ஒரு குரல் இருந்தா வார்த்தை தடையில்லாம வருங்க சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வைத்தியம் எனக்கு 1960களிலேயே நடந்துவிட்டதே!

என் நாக்கும் அப்படிப்பட்டதுதான். அப்போது எங்கள் பக்கம் இதற்கு மருந்து வசம்பு. அப்பா அதைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார். அந்த நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது, திக்கலும் போகவில்லை. பெயரைக் கேட்டால்தான் வினை. மேடேறும் பாரவண்டி மாதிரி முதல் எழுத்திலேயே முக்கிக்கொண்டு நிற்பேன். மாதா கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் சொன்னால் மட்டும் மடமடவென்று வரும்.

எங்கள் கோயில் பங்கிலேயே எனக்கு மரியம்மாளை நிச்சயம் செய்தார்கள். லாரி ஆபீஸில் கூட வேலை பார்த்த பழனிசாமி, "எங்கள்ல தாலியக் கட்டுனாப் போதுமுங்க. உங்கள்ல வாயத் தொறந்தாத்தானுங்க கல்யாணம்!" என்று பயமுறுத்தினான். உண்மைதான். பீடத்துக்கு முன்னால் என் பெயரைச் சொல்லி, இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் தாலி கைக்கு வரும்.

அந்த நாளில் சாமியார் சொல்லிக்கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லையோ என்று பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணம் நின்றே போச்சு என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து மரியம்மாள் என் பெயரைச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக என் வாக்குறுதியைக் கடைசிவரை சொல்லி முடித்தோம்.

"ஏம்மா, உன் முறை இன்னும் வரலியே" என்றார் சாமியார்.

"அவிய கூடச் சேந்து சொன்னாத் திக்கறதில்லீங்க சாமி. ஜெபத்துல கேட்டிருக்கறனுங்க."

கோயிலே சிரித்தது. "தாலி ஏறறதுக்கு முந்தியே புருசன் பேரச் சொல்லிப்புட்டா. பத்தாததுக்குத் தன்னையே பொண்டாட்டியா ஏத்துக்கிட்டா!" என்று அவள் சித்தி பந்தியில் ஒவ்வோர் இலையாகப் போய்ச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் ஊர் வழக்கப்படி அவள் என் பெயரைத் தனியாகச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நான் சிக்கிக்கொண்டால் மட்டும், காதோரம் வந்து கூடச் சொல்வாள்.

வசம்பு தடவுகிறவர்கள் இன்று இல்லை. திக்குவாய் என்று கேலி செய்கிறவர்களும் குறைந்துபோனார்கள். இப்போது பாங்கில் பெயரைக் கேட்டுவிட்டு, நான் முடிக்கும்வரை பொறுமையாகவே காத்திருக்கிறார்கள். கூடச் சொல்லத்தான் அவள் இல்லை.