மூன்று தட்டு

கொக்குவிலில் நான் மலிவாக வாங்கிய வீட்டின் வளவு ஆளுயரத்துக்குப் பற்றையாகிக் கிடந்தது. வெட்ட வந்தவர் உரும்பிராய்க்காரர். காய்ந்த பனைமட்டை போன்ற உடம்பு, ஒரு பக்கம் வெடித்த மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு பற்றையையும் வெட்டுமுன் கத்திப்பிடியால் நிலத்தில் மூன்று தரம் தட்டுவார்.

“பாம்பு கிடந்தால் வெளியாலை போகட்டும், ஐயா. அதுகளும் குடியிருக்கிறதுகள்தானே.”

மரங்களையும் தறிக்கச் சொன்னேன். ரோசாச் செடிக்கு நல்ல வெயில் வேண்டுமென்று ஏதோ புத்தகத்தில் படித்திருந்தேன். மூன்றாம் நாள், முன்பு இருந்தவர்கள் வெட்டிய பதுங்குகுழி ஒன்று பற்றைக்குள் அகப்பட்டது. அவரே அதைத் துப்புரவாக்கி, வாயை மூட ஒரு பலகையும் செய்து வைத்தார்.

மறுநாள் இராணுவ ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கியது. மனைவி, இரண்டு மகள்மார், என் தொந்தி. அவ்வளவோடு குழி நிறைந்துவிட்டது. அவர் ஓடி வந்து குழியின் வாயில் நின்றார்.

“இடமில்லை அண்ணை, மரத்துக்குக் கீழை நில்லுங்கோ!”

“மரமெல்லாம் நீங்கள் தறிக்கச் சொன்னியள், ஐயா.”

நான் பலகையை இழுத்து மூடினேன்.

சத்தம் ஓய்ந்து வெகுநேரத்தின் பின், தலைக்கு மேலே பலகையில் கத்திப்பிடி மூன்று தரம் தட்டியது.

“இனி வெளியாலை வாங்கோ, ஐயா” என்றார், மிக மரியாதையாக.

அது கைப்பழக்கம்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த பற்றையடிக்குப் போய்த் தட்டிக்கொண்டிருந்தார்.