மச்சான் போன எண்ணெய்க் கப்பல்

நேற்று பல்லடம் ரோட்டுப் பங்கில் பெட்ரோலுக்காக நின்றிருந்தேன். முன்னால் இருந்தவரின் போனில் சத்தமாகச் செய்தி ஓடியது: வளைகுடாவில் சண்டை, கச்சா எண்ணெய் ஏறுகிறது. பெட்ரோல் வாசமும் அந்தச் செய்தியும் சேர்ந்ததும் பெஞ்சமின் மீதான பழைய வயிற்றெரிச்சல் எனக்குத் திரும்பிவிட்டது.

நானும் அவனும் திருப்பூரில் ஒரு பாலியஸ்டர் நூல் கடையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். விளையாட்டுப் பனியனுக்கான நூல். பருத்தியாவது செடியில் விளைகிறது. இது கச்சா எண்ணெயிலிருந்து வருவது. எங்கோ குண்டு விழுந்தால் எங்கள் கடையில் விலை ஏறும். அதனால் முதலாளி காலையில் வந்ததுமே, "ஏறுமா, இறங்குமா?" என்பார்.

நான் பேப்பர் படித்துவிட்டுப் பதில் சொல்வேன். பெஞ்சமின் பேப்பரைத் தொடவே மாட்டான். ஆனால் அவனுடைய அக்கா புருஷன் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தார்.

ஒரு பெரிய எண்ணெய் நாட்டுக்கு மேலைநாடுகள் தடை போட்டன. "இனி எண்ணெய் வராதுங்க, நூல வாங்கி அடுக்கீரலாமுங்க" என்றேன்.

"இல்லீங்க. அந்த எண்ணெய் வெலையக் கொறச்சுக்கிட்டு நம்ம நாட்டுக்கே வருதாமுங்க. மச்சான் சொன்னாருங்க" என்றான் பெஞ்சமின்.

முதலாளி அவன் பேச்சைக் கேட்டார். ஏறிய விலை அவன் சொன்னபடியே இறங்கியது. அன்றிலிருந்து முதலாளிக்கு அவன் 'கண்ணு'. நான் வெறும் 'ஏப்பா'. நம் வீட்டில் கப்பலேற ஒருவர் இல்லையே என்ற ஆத்திரத்தில், பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் என் அக்கா கணவரை ஒரு தீபாவளி முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர் எனக்கு வேட்டி எடுத்து வந்திருந்தார்.

பிறகு செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலை முதலாளி வழக்கம்போல் கேட்டார். பெஞ்சமின் தலை நிமிரவில்லை.

"தெரியலீங்க. மச்சான் கப்பல அடிச்சுட்டாங்களாமுங்க. அக்காளுக்குப் போன் வரலீங்க."

என் வண்டியிலேயே அவனைக் குண்டடத்தில் இருந்த அக்காள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வீடு நிறைய சனம். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்போது அந்தப் போன் அடித்தது. வேறொரு கப்பல் மச்சானையும் கூட இருந்தவர்களையும் காப்பாற்றியிருந்தது. "ஊட்டுக்கு வந்தர்றேன், இனிப் போகல" என்ற குரல் எல்லோருக்கும் கேட்டது. பெஞ்சமின் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான், வந்திருந்த சனமும் அழுதது. ஒருவருக்காக இத்தனை பேர் அழுகிறார்களே என்று எனக்கு அப்போதும் பொறாமைதான், நம்புவீர்களா?

மச்சான் வந்து தாராபுரம் பக்கம் எருமை வாங்கினார். பெஞ்சமினும் வேலையை விட்டுவிட்டு அவரோடு போய்விட்டான். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு பேரும் வாய்க்காலில் எருமை கழுவிக்கொண்டு எதற்கோ சிரித்தார்கள். நூல் விலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் கரையைவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. திரும்பிப் போக அந்தக் கடையும் இல்லை. மில்காரர்களே பனியன் கம்பெனிகளுக்கு நேராக விற்க ஆரம்பித்ததும் முதலாளி அதை மூடிவிட்டார். நாங்கள் நூல் அடுக்கிய இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள்.