அளவக்கா வீட்டுக் காற்றாலை

கரண்ட் போனால் மற்ற வீடுகளில் மின்விசிறி நிற்கும், டீவி நிற்கும், யாராவது எரிச்சலில் இரண்டு வார்த்தை திட்டுவார்கள். அளவக்கா வீட்டில் அப்படியில்லை. உள்ளறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்று, கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். கட்டிலில் கிடப்பவர் கண்ணை அகல விரித்துக்கொண்டு கதவைப் பார்ப்பார்.

அளவக்கா என்பது ஊர் வைத்த பெயர். தையல் கடை நடத்தினாள். பெரும்பாலும் பள்ளிச் சீருடைதான். டேப் பேருக்குக் கழுத்தில் தொங்கும். ஆள் வாசலில் வந்து நிற்கும்போதே தோள் அகலம், கை நீளம், இடுப்புச் சுற்று எல்லாம் கண்ணாலேயே எடுத்துவிடுவாள். "அக்கா பாக்குறாங்க, வயித்த எக்கிக்கோடி" என்று வரும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவள் கணவர் கல்குவாரியில் கல்லை நொறுக்கும் கிரஷர் ஓட்டியவர். வாலிபத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை கல்தூளில் நின்றார். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு உட்கார்ந்தபடியேதான் வாழ்க்கை. நுரையீரல் முழுக்கத் தூசி படிந்து இறுகிவிட்டது, திரும்பி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷினை எழுதிக்கொடுத்தார். அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டால் மூச்சு ஓடும். ஆனால் ராப்பகலாகக் கரண்ட் வேண்டும்.

பக்கத்து வீடு அவருடைய அண்ணனுடையது. அதே குவாரியில் பாறையில் துளை போடும் வேலை. தம்பிக்கு நஷ்டஈடு கேட்டபோது குவாரி முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார். "அவன் சின்ன வயசுலேர்ந்தே பீடி குடிப்பான்" என்று அண்ணன் சொன்னார். தூசியால் வந்த நோயே இல்லை என்று கேஸை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கு வேலை நிலைத்தது. தம்பி வாழ்நாளில் பீடியைக் கையால் தொட்டதில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது.

வீடு மேட்டுச் சரிவில், மின்கம்பி முடிகிற இடத்தில் இருந்தது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கீழே எங்கேயோ கிளை கம்பியில் உரசும், கரண்ட் போய்விடும். லைன்மேன் ஏறி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு. தீர்ந்தால் டவுனுக்குத்தான் போக வேண்டும். ஜெனரேட்டர் வாங்கிப் பார்த்தாள். அதன் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் மனிதர் இருமி இருமி நீலம் பாரித்துப்போனார், அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாள். சோலார் வைக்கலாம் என்றால், மலை நிழலும் மழை மாதத்து மூட்டமுமாக அந்த வீட்டுக்கு வெயில் விருந்தாளி மாதிரி வந்து போகும்.

ஒருநாள் கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டிய அவர் சட்டையைக் காற்று பிய்த்துக்கொண்டு போய் மதிலுக்கு அந்தப் பக்கம் முள்செடியில் போட்டது. அவள் போய்க் கேட்கவில்லை. அவர்களும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தச் சட்டை கந்தலாகும்வரை அங்கேயே படபடத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "சனியன் புடிச்ச காத்து, கரண்ட்டப் புடுங்கத் தெரியுதுல்ல, குடுக்கத் தெரியாதா?" என்று வாய்விட்டே கேட்டாள். காற்றாலை யோசனை பிறந்தது அங்கேதான்.

டவுனில் விற்பவர் மேஜையில் ஒரு சின்ன மாடலைச் சுழற்றிக் காட்டினார். "மேடம், மொட்டைமாடியில நிறுத்திட்டா போதும். கம்பம், குழி எதுவுமே வேணாம்."

"எங்க மேட்டுல காத்துக்குப் பஞ்சமே இல்ல," என்றாள் அவள்.

"அப்புறம் என்ன கவலை? வீட்டுக்குள்ள வெளிச்சம் கொட்டும்."

கண்ணால் அளவெடுத்துப் பழகியவளுக்குக் காற்றையும் அப்படியே எடுத்துவிட்டோம் என்ற நினைப்பு. அதைவிட, பொறுத்திருந்து விசாரிக்கத் தெம்பில்லை. முந்தின வாரம்தான் சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்ட நேரத்தில் கரண்ட் திரும்பியிருந்தது. கையிருப்பை வழித்துப் போட்டு வாங்கி வந்து மொட்டைமாடியில் மாட்டினாள்.

அது சுற்றியது. இந்தப் பக்கம் ஒரு முழி, அந்தப் பக்கம் ஒரு முழி, வழி தொலைத்தவன் மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றியது. பேட்டரியில் ஏறியதோ ஒன்றுமில்லை. ஆனால் அதன் நடுக்கம் சுவர் வழியாக இறங்கிக் கட்டில்வரைக்கும் வந்தது. தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்தது.

கணவர் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். "குவாரிக்கு... நான் போக முடியலன்னு... நீ கிரஷர... வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகுதான் ராக்கெட்டைத் தேடிப் போனாள். காற்றாலை வேலைகளில் ஊர் ஊராகச் சுற்றிய மெக்கானிக் அவன். நடையும் பேச்சும் அவ்வளவு நிதானம், அதனால்தான் அந்தப் பெயர். ராக்கெட் ஏறி வந்து, மாடியைப் பார்த்து, டீ குடித்து, மறுபடி மாடியைப் பார்த்தான். அவளுக்குப் பொறுமை போனது.

"தம்பி, உள்ள ஒரு உசிரு ஊசலாடிட்டு இருக்கு. நீ என்ன பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?"

"கோவப்படாதீங்க அக்கா. கடையில வெட்டுத்துணி இருக்குமே, நீளமா கிழிச்சுக் கொஞ்சம் குடுங்க."

நீளமான குழாய் ஒன்றில் அடியிலிருந்து நுனிவரை துணிப்பட்டைகளைக் கட்டி மாடியில் தூக்கிப் பிடித்தான். பட்டைகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு பேயாட்டம் ஆடின. அதையே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கேயும் கீழ்ப்பட்டைகள் தடுமாறின. நுனியில் இருந்தது மட்டும் இஸ்திரி போட்டதுபோல நேராகப் படுத்தது.

"மாடியில அடிக்கிறது உடைஞ்ச காத்து அக்கா. சுவத்துலயும் மலையிலயும் மோதி வருது. சத்தம்தான் இருக்கும், சத்து இருக்காது. பாறை மேல உசரமா கம்பம் நட்டாத்தான் நல்ல காத்து கிடைக்கும். கம்பத்த நாலு பக்கமும் இழுகம்பி போட்டுக் கட்டணும்." தலையைச் சொறிந்தான். "மூணு கம்பி உங்க இடத்துல விழுது. நாலாவது மதிலுக்கு அந்தப் பக்கம்."

அது அண்ணன் நிலம், அங்கே அவளால் போய் நிற்க முடியாது. வேறு இடம், வேறு கோணம் என்று எதையெதையோ கேட்டாள். ராக்கெட் எல்லாவற்றுக்கும் தலையை இடம்வலமாக ஆட்டினான். அன்று மாலையே மறுபடி கரண்ட் போனது. மெஷின் கத்தியது. சிலிண்டரைத் திறந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மதிலோரம் போய் நின்றாள். அண்ணன் அந்தப் பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"மாமா."

கோடாலி நின்றது. அவர் நிமிர்ந்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க பாறையில ஒரு ஆணி அடிக்கணும்."

"எதுக்கு?"

"உங்க தம்பி மூச்சு விடறதுக்கு."

அவர் கோடாலியைச் சாய்த்து வைத்தார். தரையில் சிதறிய சிராய்களைக் காலால் ஒதுக்கினார். "அந்த மெக்கானிக் பையனுக்குப் பாறையில துளை போடத் தெரியாது," என்றார் கடைசியில். "நான் போடறேன்."

அவரே வந்து போட்டார். இரும்பு ஆணியை இறக்கி, சிமெண்டை வார்த்து, அது இறுகும்வரை வெயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிடவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. கம்பத்தைப் படுத்தவாக்கில் பூட்டி, கயிற்றால் இழுத்து நிமிர்த்தினார்கள். மாடியில் இருந்ததை விற்றும் கடன்பட்டும் புதிதாக வாங்கிய பெரிய காற்றாலை உச்சியில் ஒருமுறை தலையைத் திருப்பி, காற்றைக் கண்டுகொண்டு, சீராகச் சுற்ற ஆரம்பித்தது. பேட்டரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போகும்போது ராக்கெட் சிவப்பு சுவிட்சைக் காட்டினான். "இது பிரேக். புயல் மாதிரி காத்து வந்தா போட்டுடுங்க. காத்து முத்தினதுக்கு அப்புறம் போட்டா பிடிக்காது, உள்ள சுத்தியிருக்கிற செம்புக் காயில் கருகி இறக்கை பிச்சுக்கும். அது வெறி பிடிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்."

"நல்லாக் காத்து அடிக்கும்போதுதானே தம்பி கரண்டும் போகும்?"

"அதான் அக்கா கஷ்டம்," என்றான் அவன்.

அந்தக் கஷ்டம் மழை மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் வந்தது. விடியும்போதே மரங்கள் ஊளையிட்டன. கரண்ட் போனது. டவுன் ரோட்டில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது என்று யாரோ போனில் சொன்னார்கள், பிறகு போனும் செத்தது. சிலிண்டரில் கொஞ்சம்தான் இருந்தது. காற்றாலை மட்டும் வெறித்தனமாகச் சுற்றிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டிருந்தது. பாதி தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். இப்போது நிறுத்தினால் மிச்சப் பாதி கிடைக்காது. நிறுத்தாமல் விட்டால் எல்லாமே போகும். மேலே இறக்கையின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. உறுமல் கிறீச்சிடலாக ஏறியது.

"நிறுத்து," என்றார் கணவர்.

"இன்னும் ரொம்பலீங்க."

"கிரஷர் ஓட்டினவன்... சொல்றேன்... சத்தம் கெட்டுப்போச்சு. நிறுத்து."

கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அமுக்கினாள். மேலே கரகரவென்று ஒரு முனகல் கேட்டது. இறக்கை அடங்குவதுபோல் அடங்கி, மறுபடி திமிறி, கடைசியில் அசைந்து அசைந்து நின்றது. ஜன்னலுக்கு ஓடினாள். கம்பம் நின்றது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கத்து இழுகம்பி தளர்ந்து துள்ளிக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில் அண்ணன் தரையோடு தரையாக ஊர்ந்து போய், ஸ்பேனரை மாட்டித் தன் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை காற்று அவரைப் புரட்டித் தள்ளியது. மறுபடி தவழ்ந்து வந்து பிடித்தார்.

"யாரு அங்க?" என்று கணவர் கேட்டார்.

"உங்க அண்ணன்."

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். கண்ணோரம் ஈரம் வழிந்து குழாய்மேல் இறங்கியது. அவள் துடைத்துவிட்டாள்.

சிலிண்டர் தீர்ந்ததும், பேட்டரி நீடிக்கட்டுமென்று ஆக்சிஜன் அளவைக் குறைத்து வைத்தாள். விளக்குகூடப் போடவில்லை. அவர் உதடு கறுத்தது, பேச்சு குழறியது. விரலைப் பிடித்துக்கொண்டு, "இழுங்க, விடுங்க, இழுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்வதை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று பயம். பேட்டரி தீரப்போகிறது என்று மஞ்சள் விளக்கு மினுக்கியபோது காற்று ஒரு மட்டுக்கு இறங்கியிருந்தது. பிரேக்கை விடுவித்தாள். இறக்கை சும்மா நின்றது. அவளுக்கு உலகமே நின்றது. பிறகு அது, தூங்கி எழுந்த ஆள் மாதிரி, மெதுவாக நகர்ந்தது.

அந்தப் புயலை அவர் தாண்டினார். அடுத்த மழை மாதத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த கோடையில், கரண்ட் ஒருமுறைகூடப் போகாத ஒரு வாரத்தில், டவுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லா வசதியும் சுற்றி இருக்கும்போதே அடங்கிவிட்டார். மெஷினால் செய்ய முடிந்ததெல்லாம் செய்து முடித்திருந்தது.

அளவக்கா பிரேக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கினாள். அசையாத காற்றாலையைப் பார்த்தே ஊர் விஷயத்தைத் தெரிந்துகொண்டது. பள்ளி திறக்கிற நேரம் சீருடைத் துணி மலையாகக் குவிந்தபோது எழுந்து வந்து பிரேக்கை எடுத்தாள், தைத்தாள்.

ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது. அந்த இருமலோடுதான் அவள் குடும்பம் நடத்தியிருந்தாள். எட்டிப் பார்த்தாள். அண்ணன் வாசற்படியில் பாதி ஏறி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் அவள் சோறு சரியாகத் தின்னவில்லை. மெஷின் கிடந்த உள்ளறைக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் ராக்கெட்டைக் கூப்பிட்டுப் பேட்டரியிலிருந்து மதில் மேலாக ஒரு வயர் இழுக்கச் சொன்னாள். மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு போய், குழாயைப் புதிதாக மாற்றி, அவர் மூக்கில் பொருத்தினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான்... மொதலாளிகிட்ட... பீடின்னு சொன்னது..."

"பேசாதீங்க மாமா," என்றாள் அவள், கையை விடுவித்துக்கொண்டு. "மூச்சு வாங்கும்."